தேரை நினைத்தோம், பாகனை மறந்தோம்

“தமிழ்த்துறை மலரில் காரைப் பற்றி ஒரு கட்டுரையா?” என்று இப்பக்கத்தைப் புரட்டும் பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதிலும் தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் ஓடிய பழைய கார்களைப் பற்றி என்றால், “நாற்பதைக் கடந்த விரிவுரையாளருக்கு வேறு வேலை இல்லையா?” என்றும் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். முல்லைக்கொடி பற்றிப் படரத் தன் தேரையே விட்டுச் சென்ற பாரியை நாம் இன்றளவும் மறக்கவில்லை. கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனின் கதையைச் சிறுவரும் அறிவர். ஊர்தியை வைத்து மனிதரை நினைவுகூர்தல் தமிழருக்குப் புதிதன்று. ஆதலின், என் தலைமுறையினர் திரையில் கண்டு மயங்கிய கார்களைப் பற்றிப் பேசுவதில் குற்றமில்லை. குற்றம் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

சென்ற ஆண்டு எம் துறை மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் பழைய துப்பறியும் தொடர்களின் கார்ப் படங்களை எனக்குக் காட்டினார். ஒவ்வொன்றாக நான் பெயர் சொன்னேன். தொடரின் பெயரையும் ஆண்டையும் சொன்னேன். மாணவர் வியந்தார். பிறகு, “உங்கள் மங்கலம்பேட்டையில் அப்போது என்ன கார் ஐயா ஓடியது?” என்று கேட்டார். “அம்பாசிடர். என் பெரியத்தாவே வாடகைக் கார் ஓட்டினார்” என்றேன். “அந்த வண்டியின் எண் என்ன ஐயா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. அக்கேள்வி அன்று முதல் என்னை விட்டபாடில்லை.

திரையில் ஓடிய ஊர்திகள்

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1971 முதல் தொடராக வந்த ‘கொலம்போ’வை அறிந்தோர் அதன் காரையும் அறிவர். பீட்டர் ஃபால்க் என்னும் நடிகர் ஏற்ற கொலம்போ, கசங்கிய மழைக்கோட்டு அணிந்த காவல்துறைத் துப்பறிவாளர். அவர் ஓட்டியது பிரான்சு நாட்டுப் பியூஜோ 403, 1959ஆம் ஆண்டு வண்டி, மேற்கூரையை மடக்கக்கூடியது, நிறம் மங்கிய சாம்பல். செல்வந்தர் மாளிகை வாயிலில் அவ்வண்டி முனகிக்கொண்டு வந்து நிற்கும். மாளிகைக்காரர் வண்டியைப் பார்த்து ஆளை எடைபோடுவார். அந்த எடையிலேயே தோற்பார். எளிமையைக் கண்டு ஏமாந்தவன் மாட்டிக்கொள்வான் என்னும் நீதியை அந்தக் கார் வாய் திறவாமல் சொல்லிற்று.

ஏனையவை வேறு வேறு குணம் உடையவை. 1974 முதல் 1980 வரை வந்த ‘ராக்ஃபோர்டு ஃபைல்ஸ்’ தொடரில் ஜேம்ஸ் கார்னர் ஓட்டியது பொன்னிறப் போன்டியாக் ஃபயர்பேர்டு. ‘ஸ்டார்ஸ்கி அண்ட் ஹட்ச்’ தொடரில் (1975–1979) வெள்ளைப் பட்டை போட்ட சிவப்பு ஃபோர்டு கிரான் டொரினோ. ‘மேக்னம்’ தொடரில் (1980–1988) ஹவாய்த் தீவில் பறந்த சிவப்பு ஃபெராரி கதாநாயகனுடையது அன்று. அவன் தங்கியிருந்த மாளிகைக்கு உரிய எழுத்தாளருடையது. இரவல் காரில் வீரம் காட்டியவன் அவன். இங்கிலாந்தின் ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ தொடரில் (1987–2000) ஆக்ஸ்ஃபோர்டு தெருக்களில் ஊர்ந்தது சிவப்பு ஜாகுவார். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அத்தொடருக்கு மூலமான நாவல்களை எழுதிய காலின் டெக்ஸ்டர், தொடக்கத்தில் தம் துப்பறிவாளருக்குக் கொடுத்திருந்தது லான்சியா என்னும் இத்தாலியக் கார். தொலைக்காட்சி ஜாகுவாரைக் கொடுத்ததும், அவரும் தம் நூல்களில் ஜாகுவார் என மாற்றிக்கொண்டார். எழுத்தைத் திரை திருத்திய இடம் அது.

1982 முதல் 1986 வரை வந்த ‘நைட் ரைடர்’ தொடரில் வந்த ‘கிட்’ என்னும் கறுப்புப் போன்டியாக் டிரான்ஸ் ஆம் காரோ பேசவே செய்தது. எங்கள் ஊருக்கு அது வந்த வழியைப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் நாட்டுத் துப்பறிவாளரும் நம் நாட்டுக் காரும்

நம் தூர்தர்ஷனில் 1985இல் ‘கரம்சந்த்’ வந்தது. கேரட்டைக் கடித்தபடி பங்கஜ் கபூர் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். 1993இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய ‘வியோம்கேஷ் பக்ஷி’ வந்தது. சரதிந்து பந்தோபாத்யாய் படைத்த அப்பாத்திரம் தன்னைத் துப்பறிவாளன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளாது; உண்மையைத் தேடுபவன் என்றே சொல்லும். கல்கத்தாவின் டிராமிலும் ரிக்ஷாவிலும் கால்நடையாகவும் சென்றே அவர் உண்மையைத் தேடினார். எங்கள் தெருவில் அப்போது ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. பம்பாயில் கடை வைத்திருந்து ஊர் திரும்பிய பெரியவர் ஒருவர் இந்தியைத் தமிழாக்கிச் சொல்ல, நாங்கள் பன்னிரண்டு பேர் தரையில் அமர்ந்து கேட்போம். கொலைகாரன் யாரென்று அவர் சில வேளை முன்கூட்டியே சொல்லிவிடுவதுண்டு. அது ஒன்றுதான் குறை.

சத்யஜித் ராயின் ஃபெலுடா கதைகளில் ஜடாயு என்னும் எழுத்தாளர் பச்சை நிற அம்பாசிடர் ஒன்றை வாங்குகிறார். அதன் ஓட்டுநர் பெயர் ஹரிபதன். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் வருவோம்.

தமிழில் துப்பறியும் கதைக்கு நீண்ட மரபு உண்டு. ஜே.ஆர். ரங்கராஜுவும் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிக் குவித்தனர். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா என்று பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய நாவல்கள் எத்தனையோ பேரைப் படிக்கப் பழக்கின. திரையில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸாரின் ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகிய படங்களில் ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஆனார். எம்.ஜி.ஆரின் ‘ரகசிய போலீஸ் 115’ 1968இல் வந்தது.

அக்காலத்தில் இந்தியச் சாலைகளில் ஓடியவை பெரும்பாலும் மூன்றே குடும்பத்துக் கார்கள். வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசிடர். பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்த ஃபியட். நம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு. ஃபியட்டுக்குப் பின்னர்ப் பத்மினி என்று பெயர் வந்தது. துப்பறிவாளனும் இவற்றுள் ஒன்றில்தான் துரத்த வேண்டும். திருடனும் இவற்றுள் ஒன்றில்தான் ஓட வேண்டும்!

1958 அளவில் வெளிவரத் தொடங்கிய அம்பாசிடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. பம்பாயின் கடைசிப் பத்மினி டாக்சி 2023 அக்டோபரில் சாலையை விட்டு விலகியது. வியப்புக்குரிய செய்தி ஒன்று: 2017இல் அம்பாசிடர் என்னும் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது வேறு யாருமல்லர், கொலம்போவின் காரைச் செய்த அதே பியூஜோ குழுமம். 2021இல் அக்குழுமமும் ஃபியட் குழுமமும் ஒன்றாயின. ஆக, கொலம்போவின் காரும் பம்பாய் டாக்சியின் மூதாதையும் எங்கள் ஊர் வாடகைக் காரின் பெயரும் இன்று ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்துள்ளன. எந்தத் துப்பறியும் எழுத்தாளரும் இப்படி ஒரு முடிவை எழுதத் துணியார்.

பெரியத்தாவின் பிளசர்

இனி எங்கள் ஊருக்கு வருவோம். விருத்தாசலத்திற்கும் உளுந்தூர்ப்பேட்டைக்கும் இடையில் உள்ள மங்கலம்பேட்டையில், பெரியோர் காரைக் ‘கார்’ என்று சொல்வதில்லை, ‘பிளசர்’ என்பர். ஆங்கிலத்தில் இன்பப் பயணத்திற்கான வண்டி என்னும் பொருளில் வழங்கிய சொல்லின் முன்பாதி அது. தமிழறிஞர் அதனையே ‘மகிழுந்து’ என ஆக்கினர். நாம் வகுப்பில் செந்தமிழ் எனச் சொல்லும் சொல்லும், எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டியார் சொன்ன சொல்லும் ஒரே வேரின் இரு கிளைகள்.

என் அத்தாவின் அண்ணன் ஓட்டியது வெள்ளை அம்பாசிடர், டீசல் வண்டி. அதன் கியர்க் கம்பி ஸ்டியரிங்கின் அருகிலேயே இருக்கும். முன்னிருக்கை ஒரே நீள இருக்கை. ஓட்டுநரோடு மூவர் நெருக்கி அமரலாம். முகப்பு விளக்கைத் தாழ்த்த இடக்காலால் தரையில் உள்ள பொத்தானை மிதிக்க வேண்டும். எதிரே லாரி வந்தால் பெரியத்தாவின் இடக்கால் தானே எழுந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டே நான் உறங்கிப்போன இரவுகள் உண்டு.

எங்கள் ஊர் இளைஞர் பலர் துபாய்க்கும் சவூதிக்கும் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்ற காலம் அது. அவர்களை மீனம்பாக்கம் விமான நிலையத்திற்குக் கொண்டு சேர்ப்பதும், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து அழைத்து வருவதும் அந்த வண்டியே. உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு, தாம்பரம் என்று இரவெல்லாம் ஓடும். போகும்போது வண்டிக்குள் அழுகை. வரும்போது அத்தர் மணம். புறப்படுமுன் பள்ளிவாசல் முன் நிறுத்தி துஆ ஓதுவர். திரும்பும்போது டிக்கி கொள்ளாமல் மேலே கேரியரிலும் பெட்டிகளைக் கட்டியிருப்பர்.

அப்படி வந்த பெட்டி ஒன்றில்தான் வீடியோ டெக்கும் சில நாடாக்களும் இருந்தன. அவற்றுள் ஒன்று ‘நைட் ரைடர்’. பேசும் காரைக் கண்ட நாங்கள் மறுநாள் காலை பெரியத்தாவின் வண்டியைச் சூழ்ந்துகொண்டு, “இது ஏன் பெரியத்தா பேசவில்லை?” என்று கேட்டோம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர், “பேசுதுடா. ஃபேன் பெல்ட்டு போவப்போவுதுன்னு நேத்து ராத்திரி திண்டிவனத்துல சொல்லிச்சு. கேக்கத் தெரியணும்” என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

என் பிள்ளைப் பருவத்தின் இந்த இனிய நினைவை, விரிவுரையாளனான பின் ஒருநாள் அவரிடமே விரிவாகச் சொன்னேன். அவர் அப்போது வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார்; முழங்கால் வலியால் தொழுகையையும் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “நீ பின்னாடி படுத்துத் தூங்குன. ஒனக்கு அது பிளசர். மாசம் பொறந்தா தவண கட்டுனவனுக்கு அது என்னான்னு கேளு” என்றார்.

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. வண்டி கடனில் வாங்கியது. தவணை தவறினால் வீட்டு வாசலில் வந்து நிற்கும் அவமானத்தை அவர் அறிவார். இரவு ஓட்டத்தில் கண் அயரக்கூடாது என்று வழியில் இறங்கி முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டதையும், விமானம் தாமதமானால் கொசுக்கடியில் வண்டிக்குள்ளேயே கிடந்ததையும் அவர் அறிவார். நான் இழந்துவிட்டதாக ஏங்கிய பொற்காலம் அவருக்கு ஓர் உழைப்பின் காலம்; அவ்வளவே. பழமையைப் போற்றுவோர் பெரும்பாலும் பின்னிருக்கையில் இருந்தவர்கள் என்பதை அன்று உணர்ந்தேன்.

பாகனும் வழிகாட்டியும்

இங்கேதான் நம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். துப்பறியும் தொடர்கள் காரைப் புகழ்பெறச் செய்தன. அமர்ந்து சென்றவரைப் புகழ்பெறச் செய்தன. கூலிக்கு ஓட்டிய மனிதரைப் பெரும்பாலும் முதுகாகவே காட்டின. “அந்தக் காரைப் பின்தொடர்!” என்று துப்பறிவாளர் கட்டளையிட்டவுடன் உயிரைப் பணயம் வைத்து ஓட்டும் டாக்சிக்காரரின் பெயரை எந்தப் படத்திலாவது கேட்டதுண்டா? ஆகவேதான் ஹரிபதன் என்ற பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். அவருக்குக் கதையில் பெரிய வேலை இல்லை. ஆயினும் ராய் அவருக்கு ஒரு பெயர் கொடுத்தார். அது சிறு செயல் அன்று.

நம் சங்கப் புலவர் இதனை நன்கு அறிந்திருந்தனர். முல்லைத்திணையில் வினைமுடித்து மீளும் தலைவன் தன் நெஞ்சை யாரிடம் திறக்கிறான்? தேர்ப்பாகனிடம். ‘தலைவன் தேர்ப்பாகற்கு உரைத்தது’ என்னும் துறையிலேயே எத்தனையோ பாடல்கள் உள்ளன. மன்னனுக்கு அஞ்சும் தலைவனும் பாகனிடம் நண்பனைப் போலப் பேசுகிறான். அகப்பாடலில் பாகனுக்குப் பெயர் இல்லையே எனலாம். உண்மை, ஆனால் அகத்திணை மரபில் தலைவனுக்கும் பெயர் இல்லை. இருவரும் அங்கே சமம். மலரில் தேனுண்ணும் வண்டுகள் அஞ்சுமே என்று மணியின் நாவைக் கட்டிவிட்டுத் தேரில் வரும் தலைவனை அகநானூற்றின் நான்காம் பாடலில் குறுங்குடி மருதனார் காட்டுகிறார். வண்டின் உறக்கத்தை எண்ணிய இலக்கியம் நம்முடையது. வண்டி ஓட்டியவரின் உறக்கத்தை நாம் எண்ணினோமா?

நம் மார்க்க வரலாறும் இதனையே கற்பிக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் சென்ற பயணத்தில் அவர்களைச் சுமந்த ஒட்டகத்தின் பெயர் கஸ்வா என்பதை நம் பிள்ளைகளும் சொல்லுவர். அப்பயணத்தில் கூலிக்கு வழிகாட்டியவர் அப்துல்லாஹ் இப்னு உரைகித். அப்போது இஸ்லாத்தைத் தழுவாதவர். ஆயினும் அவர் பெயரை வரலாறு மறைக்கவில்லை. தந்தை பெயரோடு சேர்த்துப் பதிந்து வைத்திருக்கிறது. ஊர்தியின் பெயரும் உண்டு, வழிகாட்டியின் பெயரும் உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஜெருசலேம் சென்றபோது தாமும் பணியாளரும் முறைவைத்து ஒட்டகத்தில் ஏறி வந்தனர் என்றும், நகரை அடைந்த வேளை பணியாளரின் முறையாக இருந்தமையால் கலீஃபா கயிற்றைப் பிடித்து நடந்தே வந்தார் என்றும் கூறப்படும் செய்தியைப் பயான்களில் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கண் கலங்கியும் இருக்கிறோம். பள்ளிவாசலை விட்டு வெளியே வந்து வாடகை வண்டியில் ஏறியதும், ஓட்டுநரிடம் எத்தனை பேர் பெயர் கேட்டிருப்போம்?

மூவர் சொல்

மாணவரின் கேள்விக்கு விடை காண நானும் துப்பறியப் புறப்பட்டேன். பெரியத்தா சில ஆண்டுகளுக்கு முன் வஃபாத்தாகிவிட்டார். வண்டி அதற்கும் முன்பே பழைய இரும்புக்கு எடைபோடப்பட்டது. காரோடு அவர் நிற்கும் புகைப்படம் ஒன்றேனும் இல்லை.

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில் ஒரு முறை வகுத்திருக்கிறார். ஓர் ஒற்றர் கொணர்ந்ததை இன்னோர் ஒற்றரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்துவந்தால் அதனை நம்பலாம். இன்று எந்தத் துப்பறியும் துறையும் மறுக்கவியலாத விதி அது. உறுதியில்லாதவர் கொணரும் செய்தியை விசாரித்துத் தெளிய வேண்டும் என்றும், வீண் ஐயத்தைத் தவிர்க்க வேண்டும் என்றும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் அறிவுறுத்துகிறது. ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், அதனைச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என அறிவிப்பாளர் தொடரையே ஆராய்ந்தனர். தேர்தல் என்றால் ஆராய்தல் என்றும் தமிழில் பொருள் உண்டு. தேராமல் தீர்ப்பளித்த பாண்டியன் என்ன ஆனான் என்பது சிலம்பு படித்தோர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

நானும் மூவரைக் கேட்டேன். பெரியத்தாவின் மூத்த மகன் ஓர் எண் சொன்னார். வண்டிக்கு டிங்கர் வேலை பார்த்த பெரியவர் வேறோர் எண் சொன்னார். அவ்வண்டியில் பத்துமுறை விமான நிலையம் சென்றுவந்த அண்டை வீட்டுக்காரர், எண்ணை விட்டுவிட்டு, முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பிறைப் படத்தைச் சொன்னார். மூவர் சொல்லும் ஒத்துவரவில்லை. கொலம்போவின் கார் எந்த ஆண்டு வண்டி என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய நான், என்னைச் சுமந்த வண்டியின் எண்ணை அறியாதவனாகத் திரும்பினேன்.

ஆனால் ஒன்று கிடைத்தது. பெரியத்தாவின் மகள், அதாவது என் அக்கா, பழைய பெட்டியிலிருந்து ஒரு கணக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தார். தேதி, ஊர், கிலோமீட்டர், டீசல், வரவு, பாக்கி என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். வண்டி எண் அதில் இல்லை; தினமும் பார்க்கும் எண்ணை யார்தான் எழுதி வைப்பார்? பல வரிகளில் ‘பாக்கி’ என்று இருந்தது. சில வரிகளில், பாக்கி என்று எழுதியதை அடித்து ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தார். அவ்வரிகளின் எதிரே இருந்த ஊரைப் பார்த்தேன். பெரும்பாலும் புதுச்சேரி; ஜிப்மர் மருத்துவமனைக்குச் சென்ற ஓட்டங்கள். தவணைக்கு அஞ்சிய அதே மனிதர் எழுதிய சொல் அது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவுக்கும் அன்றுதான் தெரியும்.

எண்ணைத் தேடிப் போனேன், மனிதரைக் கண்டேன். அந்த நோட்டும் பழைய காகிதத்தோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது அச்சமாக இருக்கிறது.

செய்யத்தக்கது

மாணவச் செல்வங்களே! பழைய கார்களைப் போற்றாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போற்றுங்கள், ஆனால் பொய்யாகப் போற்றாதீர்கள். அந்த வண்டிகள் ஏற்றத்தில் கொதித்தன, புகை கக்கின, மழையில் ஒழுகின. இன்றைய வண்டிகள் பாதுகாப்பில் மேலானவை என்பதில் ஐயமில்லை. இழந்தது வண்டியை அன்று. வண்டியைச் சுற்றி இருந்த மனிதரை. அவர்களுள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மங்கலம்பேட்டையிலும் விருத்தாசலத்திலும் கடலூரிலும் சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் எண்பதைத் தொட்ட ஓட்டுநர்களும் பட்டறைக்காரர்களும் திண்ணையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய நினைவு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது.

ஆகவே எம் துறைக்கும் கல்லூரி நிர்வாகத்தார்க்கும் ஒரு வேண்டுகோள். இளங்கலை மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையில் தம் ஊரின் ஓர் ஓட்டுநரையோ பட்டறைக்காரரையோ சந்தித்து, அவர் சொல்வதைப் பதிவு செய்து வரட்டும். அதனை ஒப்படைப்பாக ஏற்று மதிப்பெண் வழங்கலாம். பெயரோடும் ஊரோடும், அவர் இசைவோடும் எழுத வேண்டும். வள்ளுவர் சொன்ன முறைப்படி மூவரைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். வீட்டில் கிடக்கும் கணக்கு நோட்டு, உரிமம், ரசீது ஆகியவற்றைப் படமெடுத்துத் துறை நூலகத்தில் சேர்க்க வேண்டும்.

“இது வரலாற்றுத் துறையின் வேலை அன்றோ?” எனலாம். தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. மாற்றுச் சக்கரத்தை நம் ஓட்டுநர் ‘ஸ்டெப்னி’ என்பர். இங்கிலாந்தில் இன்று அச்சொல்லைக் கேட்டால் பலர் விழிப்பர். வேல்ஸ் நாட்டு லானெல்லி நகரில் ஸ்டெப்னி என்னும் தெருவில் 1904 அளவில் மாற்றுச் சக்கரம் செய்த நிறுவனத்தின் பெயர் அது. பிறந்த இடத்தில் மறைந்த சொல் எங்கள் ஊர்ப் பட்டறையில் உயிரோடு இருக்கிறது. ‘டிக்கி’யும் அத்தகையதே. இச்சொற்களைத் தொகுக்க அகராதிக்காரர் எவரும் பட்டறைக்கு வரப்போவதில்லை. நாம்தான் போக வேண்டும்.

சமுதாயப் பெரியோர்களே! நம் ஊர்களில் எழுந்த வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் மதரசாக்களுக்கும் வெளிநாட்டில் உழைத்தோர் பணம் தந்தனர். அவர்கள் பெயரைக் கல்லில் பொறித்தோம். அது தகும். அவர்களை அழுகையோடு கொண்டுசென்று சிரிப்போடு கொண்டுவந்தவர்களின் பெயரை ஒரு தாளிலேனும் எழுதி வைக்க வேண்டாமா?

அடுத்த முறை விமான நிலையத்திற்கோ மருத்துவமனைக்கோ வாடகை வண்டியில் ஏறும்போது, ஓட்டுநரின் பெயரைக் கேளுங்கள். உண்டாரா, உறங்கினாரா என்றும் கேளுங்கள். எந்தத் தொடரின் துப்பறிவாளரும் கேட்காமல் விட்ட கேள்விகள் அவை.

பெரியத்தாவின் வண்டி எண்ணை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். இம்மலரைப் படிக்கும் எம் ஊரார் எவருக்கேனும் அந்த வெள்ளை அம்பாசிடரோடு எடுத்த புகைப்படம் இருந்தால், திருமணப் படத்தின் ஓரத்தில் அதன் முகப்பு தெரிந்தாலும் சரி, அருள்கூர்ந்து காட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், கிடைத்தால் முதலில் அந்த மாணவருக்குச் சொல்வேன்.